ஜார்ஜின் பார்டோஷின் புகை வண்டி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு திங்கட்கிழமை, ஜார்ஜின் பார்டோஷ் வழக்கம்போல் விடியலில் எழுந்து, காரில் ஏறி, தன்னுடைய அறுபத்திரண்டு மைல் தபால் பாதை முழுவதையும் கையில் ஒரு கடிதம்கூட இல்லாமல் ஓட்டிக்கொண்டு போனாள்.

'வேண்டுமென்று செய்யவில்லை, கார் போனது, நானும் கூடப் போனேன்' என்று பிறகு என்னிடம் சொன்னாள். நான் அவளுக்கு எதிர்வீடு. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. சிறு வயதிலும் அவள் அப்படித்தான். கணக்கு வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பசு நடந்துபோனால், பசு போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பத்தோரு வருடம் கிராமத்துச் சாலைகளில் தனியாகக் கார் ஓட்டுகிற வேலை அவளுக்கென்றே அமைந்தது. தோள்பட்டை மட்டும் ஒத்துழைத்திருந்தால் இன்னும் பத்து வருடம் போயிருப்பாள். வீட்டுக்கு ஒன்றாகச் சாலையோரம் நிற்கும் தபால்பெட்டிகளில் கடிதம் வைக்க, கார் ஜன்னல் வழியே கையை நீட்டி நீட்டித் தசைநார் கிழிந்துவிட்டது. போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அது மார்ச் மாதம். லவாக்கா ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வயல்களில் படுத்திருந்தது. சாலையோரத்து நீலப் பூக்கள் பனியில் நனைந்து தலைகுனிந்து நின்றன. தபால்பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்து, அவளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பனிக்குள் போயின. நூற்றுப் பதினேழாவது பெட்டியில் எமரிக் குபேனா நின்றுகொண்டிருந்தார். எண்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். தபால் வருகிறதோ இல்லையோ பெட்டியருகே வந்து நிற்பவர்.

"இன்னைக்கு எனக்கு என்ன வந்திருக்கு, ஜார்ஜி?"

"ஒண்ணும் வரல, எமரிக்."

"வெள்ளிக்கிழமைதான உனக்கு வழியனுப்பு விருந்து நடந்துச்சு? நான்கூட ரெண்டு துண்டு கேக் தின்னேனே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து நிக்கிற?"

அவர் தோளைத் தாண்டிப் பார்த்தாள். பின்னால் உயரமான புல்லுக்குள் ஒரு பழைய கேஸ் தொட்டி கிடந்தது. பெரிய சிலிண்டர் போல ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும், இரண்டு கை சேர்த்து அணைத்தாலும் பிடிபடாத பருமன். வெள்ளைப் பெயின்ட் உரிந்து, கீழ்ப்பாதி துருவேறியிருந்தது. வால்வு எப்போதோ கழன்றுபோய்விட்டது. காற்றடித்தால் அந்த ஓட்டை வழியாக அது மெதுவாக 'ஊம்' என்று பாடும். முப்பத்தோரு வருடம் அந்தப் பாட்டைக் கேட்டபடி அவள் அந்த இடத்தைக் கடந்திருக்கிறாள்.

"அந்தத் தொட்டிய எனக்குத் தர்றீங்களா?" என்றாள்.

"அத வெச்சு என்ன பண்ணப் போற?"

"கறிய புகையில வேகவைக்கிற அடுப்பு செய்யப் போறேன். சக்கரம் வெச்சு, வண்டிக்குப் பின்னால இழுத்துட்டுப் போற மாதிரி."

"உனக்கு வெல்டிங் தெரியுமா?"

"தெரியாது."

"கறிய புகை போடத் தெரியுமா?"

"சாப்பிடத் தெரியும்."

எமரிக் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போ. இத்தன வருஷமா புல்லு வெட்டுறப்ப அதச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போறேன். இனிமே நேரா போறேன்."

வாயிலிருந்து அந்தச் சொற்கள் வரும்வரை தனக்கே அந்த எண்ணம் இருந்தது தெரியாது என்றாள் ஜார்ஜின். ஆனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. சனிக்கிழமைகளிலும் தபால் உண்டு. எங்கள் பக்கத்தில் சனிக்கிழமையென்றால் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஓர் அடுப்பு புகையும். முப்பத்தோரு வருடமும் அந்தப் புகை திறந்த ஜன்னல் வழியாக அவள் காருக்குள் வந்து, கடிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்து, அடுத்த ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது. எந்த வீட்டில் ஓக் விறகு, எந்த வீட்டில் பீக்கன் விறகு, யார் அவசரப்பட்டு ஈர விறகை வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஓரிடத்திலும் இறங்கி நின்றதில்லை. அடுத்த பெட்டி காத்திருக்கும்.

அவள் கணவன் எர்வின் தீவன ஆலையில் வேலை பார்த்து, அவளுக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றவன். பெரிய உடம்பு, பெரிய குரல். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக் கொட்டகையிலும் இருப்பதுபோல் அவன் கொட்டகையிலும் வெல்டிங் மெஷின் ஒன்று இருந்தது. வேலிக் கதவு உடைந்தால் ஒட்டுவான். டிராக்டரில் தூக்கி வந்த தொட்டியை ஜார்ஜின் இறக்கச் சொன்ன இடத்தைப் பார்த்ததும் அவன் போட்ட சத்தம் எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்டது.

"ஏய், அது என் படக இழுக்குற வண்டி!"

"படகு எங்க?"

"வித்துட்டேன்."

"அப்ப அது வெறும் வண்டி."

தொட்டிக்குள் மிச்சசொச்ச கேஸ் இருந்துவிட்டால் வெட்டும்போது வெடிக்கும். அதனால் முதலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மூன்று நாள் அப்படியே வைத்தாள். பிறகு அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். எர்வின் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெடிச்சா நம்ம ரெண்டு பேரையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பிடலாம்."

"உன்னப் போட கவர் பத்தாது. பார்சல்தான்."

அந்த வசந்தம் முழுவதும் எதிர்ப்புறத்திலிருந்து நீல வெளிச்சம் மின்னிக்கொண்டே இருந்தது. உடைந்த இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பழகினாள். முதலில் ஒட்டியவற்றைப் பார்த்து எர்வின், "கோழி எச்சம் மாதிரி இருக்கு" என்றான். "தள்ளு, நான் ஒட்டுறேன். அரை மணி நேர வேலை."

"தள்ள மாட்டேன்."

அரை மணி நேர வேலைக்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். வெல்டிங் முகமூடிக்குள் உலகம் கரும்பச்சையாக இருக்கும். நடுவில் ஒரு சின்னச் சூரியன் ஊர்ந்து போகும். அதன் பின்னாலேயே நாமும் போக வேண்டும், அவ்வளவுதான் என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் எங்கோ போய்விட்டது. எனக்குப் புரிந்தது: முப்பத்தோரு வருடம் சாலை அவளைக் கூட்டிக்கொண்டு போனது, இப்போது அந்தச் சூரியன் கூட்டிக்கொண்டு போகிறது.

தொட்டியின் பக்கவாட்டில் கதவு வெட்டும்போது ஒரு சங்கடம் வந்தது. கீல்களை முதலிலேயே ஒட்டிவிட்டு, கேஸ் கட்டரால் நான்கு பக்கமும் வெட்டிக்கொண்டு வந்தாள். கடைசி அங்குலம் அறுந்ததும் இரும்பு 'தடார்' என்று வெளியே துள்ளியது. அத்தனை வருடம் வளைந்து இறுகியிருந்த தகடு விடுபட்டதும் தன் போக்கில் விரிந்துகொண்டது. கதவுக்கும் தொட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. சங்கிலி சுற்றி, ஜாக்கி வைத்து நெருக்கி, நான்கு நாளில் அதை அடக்கினாள். ஒரு மூலை மட்டும் கடைசிவரை அடங்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு முனையில் விறகு எரிய கனத்த தகட்டில் அடுப்புப் பெட்டி, தொட்டிக்குள் கறி வைக்கக் கம்பித் தட்டு இரண்டு, மறுமுனையில் உச்சியில் ஒரு புகைக்குழாய். ஜூன் மாதம் முதல் தீ மூட்டினாள். ஆறு கோழி வைத்தாள். புகை குழாய் வழியாகப் போகாமல், வந்த வழியே திரும்பி, அடுப்புப் பெட்டியின் வாயால் வெள்ளை வெள்ளையாகக் கக்கியது. என் வீட்டுத் திரைச்சீலையெல்லாம் நாறியது. சாயங்காலம் மூன்று பேரும் கோழியின் முன் உட்கார்ந்தோம்.

எர்வின் ஒரு வாய் கடித்தான். "தார் ரோட்ட நக்கின மாதிரி இருக்கு."

"எந்த ரோடு?" என்றாள் ஜார்ஜின். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசிப்பதுபோல் கேட்டாள். எர்வின் சிரிக்கவில்லை, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. அவள் காலையில் கொட்டகைக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். அவன் வீட்டுக்குள் டிவி முன்னால் இருப்பான். ஒருநாள் நண்பகல், எர்வின் அவளைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போயிருக்கிறான். ஆளைக் காணோம். தொட்டியின் கதவு வழியாக ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் தெரிந்தது. கம்பித் தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு அவள் உள்ளே மல்லாந்து படுத்திருந்தாள். புகை எங்கே தடுக்குண்டு திரும்புகிறது என்று பார்க்க உள்ளே போனவள், குளிர்ச்சியாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டாள். வெளியுலகத்துச் சத்தமெல்லாம் அதற்குள் வேறு மாதிரி வந்ததாம். பறவை கத்தினால் தண்ணீருக்கடியில் மணி அடித்ததுபோல் இருந்ததாம்.

எர்வின் வண்டியின் இழுகம்பிமேல் உட்கார்ந்தான். முகம் தெரியாத இடத்தில்தான் அவனால் பேச முடிந்தது போலிருக்கிறது.

"ஜார்ஜி, ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமா நான் மத்தியானச் சாப்பாட்ட அடுப்பு முன்னால நின்னுகிட்டே சாப்பிடுறேன். உக்காந்தா எதிர் நாற்காலி காலியா இருக்கு, அதான். நீ ரிட்டயர் ஆனா உக்காந்து சாப்பிடலாம்னு காலண்டர்ல நாள் அடிச்சிட்டே வந்தேன். முப்பத்தோரு வருஷம் ஊர்ல இருக்கிற எல்லார் வாசல்லயும் போய் நின்ன. நம்ம வாசல்ல எப்ப நிப்ப?"

தொட்டிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"வாசல் சின்னதா இருக்கு, எர்வின்."

"நம்ம வீட்டு வாசலா?"

"அடுப்புப் பெட்டியிலிருந்து தொட்டிக்குள்ள வர்ற வாசல். அதப் பெருசா வெட்டணும். குழாயும் உச்சியில இருக்கக் கூடாது, தட்டு இருக்கிற மட்டத்துல இருக்கணும்."

எர்வின் எழுந்துவிட்டான். "நான் என்ன பேசிட்டிருக்கேன், நீ என்ன பேசுற? நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. இதுக்குள்ள எல்லாம் ரெண்டு தடவ கேக்குது. ரெண்டு தடவயும் கேட்டேன்."

பூட்ஸ் மெல்ல அசைந்து, கால்கள் வந்து, கடைசியில் அவள் வந்தாள். முகமெல்லாம் கரி. கண்ணோரத்தில் மட்டும் இரண்டு கோடு சுத்தமாக இருந்தது. அவனருகே உட்கார்ந்துகொண்டாள். அன்று மத்தியானம் அவர்கள் அந்த இழுகம்பிமேல் உட்கார்ந்தே சீஸ் ரொட்டி சாப்பிட்டார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தப்புத்தான், ஆனாலும் பார்த்தேன்.

புகைக்குழாயை இடம் மாற்றுவது ஒருத்தர் செய்யக்கூடிய வேலையில்லை. எண்ணெய்க் கிணற்றுப் பக்கமிருந்து வந்த கனமான குழாய் அது. எர்வின் அதைத் தோளில் அணைத்துப் பிடித்து நிற்க, அவள் சுற்றி வந்து ஒட்டினாள். பொறி பட்டு அவன் சட்டை மூன்று இடத்தில் ஓட்டையானது. ஒருமுறைகூடத் 'தள்ளு' என்று அவன் சொல்லவில்லை. உள்வாசலையும் பெரிதாக வெட்டி மறுபடி தீ மூட்டியபோது புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு மூச்சை உள்ளே இழுத்ததுபோல் தொட்டிக்குள் போய், கறி வைக்கும் தட்டுகளைத் தடவிக்கொண்டு, குழாய் வழியாக மேலே ஏறியது. வெள்ளைப் புகை இல்லை. கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத மெல்லிய நீலம்.

"சரி, யாருக்குச் சமைக்கப் போற?" என்று கேட்டேன்.

"என்னோட மூணாம் நம்பர் தபால் பாதைக்கு," என்றாள்.

அந்தக் கோடை மழையே இல்லை. புல் காய்ந்து கிடந்தது; வெளியில் தீ மூட்டக்கூடாது என்று மாவட்டத்தில் தடை போட்டிருந்தார்கள். அவள் காத்திருந்தாள். அக்டோபரில் நான்கு நாள் அடித்துப் பெய்தது. தடை நீங்கியது. எர்வின் தன் அம்மா வழி வந்த கணக்கில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் அரைத்து, பூண்டும் மிளகும் போட்டு, குடல் உறையில் முந்நூறு சாசேஜ் அடைத்தான். இரண்டு நாள் வீடு முழுக்கப் பூண்டு வாசனை. சனிக்கிழமை விடியலில் ஓக் விறகு எரிந்தது. பத்து மணிக்கு, கறி வெந்து, கதகதப்பில் இருக்கும்போது, எர்வினின் பிக்கப் வண்டியில் அடுப்பை மாட்டினார்கள். பின்னால் விறகு, ஒரு பீப்பாய் தண்ணீர், இருபது பாக்கெட் ரொட்டி.

கிராமத்துத் தபால்காரர்கள் தங்கள் சொந்தக் காரில்தான் போவார்கள். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம், பெட்டிகள் வலப்பக்கம்; அதனால் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங், இடது காலால் பிரேக். ஓட்டுநர் இருக்கையில் கடிதத் தட்டு இருக்கும். ஜார்ஜின் அன்றும் பழக்க தோஷத்தில் நேராக வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து, இடது காலை நீட்டினாள். அங்கே எர்வினின் கால் இருந்தது.

"என் கால மிதிக்கிற."

"நீ என் இடத்துல கால வெச்சிருக்க."

"இனிமே இது என் இடம். நீ ஜன்னலப் பாரு."

மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் போனார்கள். மழை கழுவிய வானம். வண்டிக்குப் பின்னால் நீலப் புகை சாலை நீளத்துக்கு அவிழ்ந்துகொண்டே வந்தது. பெட்டி வந்ததும் எர்வின் ஹாரன் அடிப்பான். அவள் இறங்கி அடுப்புக் கதவைத் திறந்து, ஒரு ரொட்டித் துண்டில் சாசேஜை மடித்துக் கொடுப்பாள்.

"ஆள் வரலைன்னா பெட்டியிலயே வெச்சிடேன்," என்றான் எர்வின்.

"பெட்டியில தபால் மட்டும்தான் வெக்கணும். சட்டம்."

அதனால் ஆள் வரும்வரை நின்றார்கள். நாற்பத்தியோராவது பெட்டி வீட்டில் பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொசுவலைக் கதவுக்குப் பின்னாலிருந்து அசையும் ஒரு கை. அன்று அந்தக் கைக்கு உரியவள் படியிறங்கி வந்தாள். ஜார்ஜினைவிட ஒரு தலை உயரம், வெறுங்கால். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் பேசவில்லையாம். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாளாம்.

எமரிக் குபேனா தூரத்திலேயே பார்த்துவிட்டார். "என் தொட்டிக்குக் காலு முளைச்சிருக்கு!" என்று கத்தினார். ஒரு சாசேஜ் தின்றார், உப்பு கம்மி என்றார், இன்னொன்று தின்றார். பிறகு யாரையும் கேட்காமல் பிக்கப்பின் பின்பக்கம் விறகுமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "விறகு போட ஆள் வேணாமா? நீங்க ரெண்டு பேரும் முன்னால சண்ட போட்டுகிட்டே தீய அணைச்சிடுவீங்க." வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி இரண்டு கட்டை வைத்தார். நடுவழியில் வெயிலில் படுத்துத் தூங்கிவிட்டார்.

எர்வின் முந்நூறு என்று போட்ட கணக்கு, ஒரு வீட்டில் இரண்டு பேர்தான் வருவார்கள் என்ற கணக்கு. வீடு வீடாகப் பிள்ளைகளும் விருந்தாளிகளும் வந்தார்கள். ஆறு மணிக்கு அடுப்பு காலி. இன்னும் பதினொரு பெட்டி பாக்கி.

"திரும்பிடலாம்," என்றான் எர்வின். "வெறுங்கையோட போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"மார்ச் மாசம் வெறுங்கையோடதான் போனேன். ஹாரன் அடி."

அவன் அடித்தான். மண்சாலையின் கடைசியில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். ஜனங்கள் வந்தார்கள், காலித் தட்டைப் பார்த்தார்கள், வாசனையை முகர்ந்தபடி நின்றார்கள். யாருக்கும் போக மனமில்லை. ஒரு பெண், "தீ இருக்குல்ல? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல மான் கறி இருக்கு, எடுத்துட்டு வரவா?" என்றாள். இன்னொருவன் கோழி கொண்டுவந்தான். யாரோ சோளக் கதிர், யாரோ ஒரு கூடை மிளகாய். எமரிக் விழித்தெழுந்து, தனக்கே சொந்தமான அடுப்புபோல் எல்லோருக்கும் இடம் ஒதுக்கினார். நாற்காலிகள் சாலைக்கு வந்தன. சூரியன் இறங்கி, வயல்கள் செம்பு நிறமாகி, பிறகு நிறமே இல்லாமல் ஆகும்வரை அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஜார்ஜின், அடுப்புக் கதவின் அடங்காத மூலையிலிருந்து கசியும் புகையைப் பார்த்தபடி நின்றாளாம். எர்வின் ஒரு தட்டில் மான் கறி கொண்டுவந்து, "உக்காரு" என்றான். உட்கார்ந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் சாலையைக் கடந்து போய்ச் சண்டை போட்டேன். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அவள் பாதையில் பெட்டி கிடையாது. எனக்கு ஒரு துண்டுகூட மிச்சமில்லை. "இந்தா, வாசனை பிடி" என்று அடுப்புக் கதவைத் திறந்து என் தலையை உள்ளே நீட்டச் சொன்னாள். நீட்டினேன். வெதுவெதுப்பான இருட்டு. சும்மா இருக்க முடியாமல் அதற்குள் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "வில்மா." இரண்டு தடவை கேட்டது.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. அதன்பின் வருடத்துக்கு இரண்டு முறை போகிறார்கள், மழை பெய்த பிறகு. அடுப்பை வாடகைக்குக் கேட்டவர்களுக்கு அவள் கொடுத்ததில்லை. அந்தப் பாதையில் யார் வீட்டிலாவது சாவு என்றால் மட்டும் கேட்காமலே இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்த முதல் முறைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சர்ச்சுப் பூசைக்கு வரவில்லை. ஃபாதர் கேட்டார், தூங்குகிறார்கள் என்றேன், பார்க்காமலேதான் சொன்னேன். வீடு திரும்பும்போது எதிர்வீட்டில் திரைச்சீலை இன்னும் மூடியிருந்தது. அடுப்பு முற்றத்தில் நின்றது. அதன் முதுகின்மேல் எங்கள் வீட்டுப் பூனை நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. இரும்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்திருக்க வேண்டும்.